சாய்ந்தமருதுக்கு 36 பைட்

கல்முனையில் கடை வைத்திருப்பவர் தன் வைஃபைக்கு ஊர்ப்பெயரைத் தமிழிலேயே சூட்டலாம். பக்கத்துச் சாய்ந்தமருதுக்காரருக்கு அது வாய்க்காது. வைஃபைப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். 'கல்முனை' 21 பைட். 'சாய்ந்தமருது' 36. நிந்தவூர் 27-இல் தப்பிவிடுகிறது.

பெயர் கொள்ளும் அளவில் இருந்தாலும், ரவுட்டர் அதைத் தன் பதிவில் எழுதும்போது அடுத்த சிக்கல். இத்தகைய பதிவுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது சிஸ்லாக். 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கியது. கருவிகள் தமக்கு நேர்ந்ததை ஒரு வரியாக்கி, பெரும்பாலும் யூடிபி வழியே 514-ஆம் போர்ட்டுக்கு வீசிவிடும். பதிலுக்குக் காத்திராது. ஆகவே 'இது எந்தக் குறிமுறை?' என்று பெறுகிற கணினி திருப்பிக் கேட்க முடியாது.

நடைமுறையில் இருந்ததை 2001-இல் எழுதிவைத்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 3164, 7 பிட் அஸ்கியையே மரபு என்றது. 'க' என்பது 224, 174, 149. எட்டாவது பிட்டை வெட்டும் கருவியிடம் சிக்கினால் 96, 46, 21 மிஞ்சும்: ஒரு சாய்ந்த கீற்று, ஒரு முற்றுப்புள்ளி, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி ஒன்று. ஆர்சிஸ்லாக் மென்பொருளில் ஓர் அமைப்பை இயக்கினால் அதே 'க' #340#256#225 என எண்ம எண்களாகப் பதிவாகும். பார்க்கச் சகிக்காது, ஆனாலும் ஒன்றும் தொலைவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், நம் அச்சகங்களுக்குப் பழகிய பாமினி எழுத்துரு இந்தப் பழைய குழாயில் சிதையாமல் போகும். அதில் 'க' உட்கார்ந்திருப்பது ஆங்கில 'எஃப்' எழுத்தின் இடத்தில். 'கல்முனை' வெறும் 6 பைட். ஆனால் இது பாமினி என்று அந்த வரி எங்கும் சொல்லாது. படிப்பவருக்கு ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

2009 மார்ச்சில் ரைனர் கெர்ஹார்ட்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 5424 இதற்குத்தான் வழி செய்தது. செய்தி யூடிஎஃப்-8 என்றால் முன்னால் 239, 187, 191 என்ற மூன்று பைட்டை வை என்றது. அந்தத் தரத்தில் எனக்கு மிகப் பிடித்த விதி இதுவே. தமிழும் சிங்களமும் அரபும் ஆங்கிலமும் ஒரே பெயர்ப்பலகையில் நிற்கும் ஊர்களில், நான்கும் ஒரே பதிவு வரியிலும் நிற்கலாம். அரபு எழுத்துக்கு 2 பைட் போதும். நமக்கும் சிங்களத்துக்கும் 3.

முழு விடுதலை இல்லை. வரி நீண்டால், பெறுகிற கருவி எழுத்தின் நடுவிலும் வெட்டலாம் என்று அத்தரமே ஒப்புகிறது. கருவியின் பெயர் வரும் கட்டமும் இன்னும் அஸ்கிதான். 2010-இல் வந்த '.இலங்கை' என்ற இணைய முகவரி ஈறு அங்கே இலத்தீன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் கலந்த 16 குறிகளாக மாறித்தான் ஏற முடியும்.