ஏரியின் ஆழமும் ரத்தத்தின் கணக்கும்

காவேரிப்பாக்கத்து ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். கரையை ஒட்டி நீர் ஆளை முழுகடிக்கும். எதிர்க்கோடியிலோ கணுக்கால்தான் நனையும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, "இடுப்பளவுதான், தைரியமாக இறங்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவருடைய கணித ஞானத்தை மெச்சுவோம். குழந்தைகளை மட்டும் இறக்க மாட்டோம்.

ஆனால் நம் வீட்டுப் பெண்மணிகளின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது சராசரியையே நம்பிவிடுகிறோம்.

சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவாயிருப்பது இயற்கை. இரும்புச் சத்துக் குறைந்தால் அவை சிறுக்கும். போலேட் சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தால் பருக்கும். 1928-ல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் அம்மையார், பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த இந்தப் பெரிய அணுச் சோகை ஈஸ்ட் சாற்றினால் தீருவதைக் கண்டறிந்து 1931-ல் வெளியிட்டார். கீரையிலும் பயறுகளிலும் உள்ள போலேட் சத்தே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

இரண்டு குறைகளும் ஒரே உடலில் சேர்ந்தால்? சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து, சராசரி அளவு ஒழுங்காகவே தோன்றும். அந்த மாயத்தைக் கலைப்பது அளவு வேறுபாட்டுக் கணக்கு.

1910-ல் லண்டன் வைத்தியர் பிரைஸ்-ஜோன்ஸ் நுண்ணோக்கியின் உதவியால் அணுக்களை ஒவ்வொன்றாக அளந்தார். எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்! அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறை அவ்வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்தது. உப்பு நீரில் கலந்த ரத்தம் மின்சாரம் ஓடும் ஒரு நுண்துளை வழியே செல்கிறது. ஒவ்வோர் அணுவும் கடக்கும்போது மின்னோட்டம் சற்றுத் தடைப்படுகிறது. அணு பெரிதானால் தடையும் பெரிது. சில விநாடிகளில் ஆயிரக்கணக்கான அணுக்களின் அளவு பதிவாகிவிடும்.

அவ்வளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைச் சதவீதமாகக் காட்டுவதே தாளில் 'ஆர்.டி.டபிள்யூ.' என்னும் வரி. பெரும்பாலும் 11.5 முதல் 14.5 வரை இருப்பது வழக்கம். பரிசோதனைச் சாலைக்கேற்பச் சிறிது மாறும். இரும்புச் சத்துக் குறைவில் இது ஏறும். பரம்பரையாக வரும் தலசீமியா கூறில், அணுக்கள் சிறுத்தும் பெரும்பாலும் ஒரே அளவாயிருக்கும்.

இந்த எண் ஒன்றே நோயைத் தீர்மானித்துவிடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் அது உயரலாம். வேறு சோதனைகளுடன் சேர்த்து வைத்தியரே முடிவு கூற வேண்டும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. "வீட்டு வேலை, களைப்பு இருக்கத்தான் செய்யும்" என்று அவர்களைத் தேற்றி அனுப்புவது எளிது. அடுத்த முறை தாள் கைக்கு வந்ததும் அந்த ஒரு வரியையும் வைத்தியரிடம் காட்டிக் கேட்போம். ஏரியில் இறங்குமுன் ஆழம் பார்க்கிற நாம், தாய்மாருக்கு அவ்வளவுகூடச் செய்யலாகாதா?