வெளுத்த துணி, போகாத வீச்சம்

கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் குழந்தைத் துணி மூக்கைப் பிடிக்க வைப்பது ஏன்? காரணம் சோப்பிலும் தண்ணீரிலும் இருக்கிறது. வாசனை போட்டு மறைப்பது ஆபத்திலும் முடியலாம்.

முளா நதியும் பவனா நதியும் கூடும் இடத்தில் இருக்கிறது தாபோடி. புனே-மும்பை சாலை, லோனாவளா ரயில் பாதை, ராணுவப் பொறியியல் கல்லூரி என்று அடையாளங்கள் பல. ஜூனில் மழை இறங்கிவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: கைக்குழந்தை உள்ள வீடுகளில் காயாமல் தொங்கும் துணிகள். மராத்தியர்களுக்கு அது லங்கோட். வேலை நிமித்தம் இந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பாட்டியின் பழைய பருத்திப் புடவையையும் தாத்தாவின் வேட்டியையும் கிழித்து மடித்துத் தைத்தது. தைப்பது சுலபம். மூன்றாவது மாதத்தில் கிளம்பும் மூத்திர வீச்சத்தைப் போக்குவதுதான் பெரும்பாடு.

அதற்குப் பயந்து கடை டயாபருக்கு மாறினால் பிரச்னை தெருவுக்கு இடம் மாறுகிறது. குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கு 1993இல் சங்கம் கண்ட ஊர் புனே. அவர்களின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச், 2013இல் பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களைத் தயாரிப்பாளர்களுக்கே திருப்பி அனுப்பிக் கவனத்தை ஈர்த்தது. அசுத்தமான பொட்டலங்களை வெறும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதே அவர்களின் குமுறல். நாப்கினையும் டயாபரையும் சுற்றிப் போடுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. துணிக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒழுங்காகத் துவைத்தால்.

ஆரோக்கியமான குழந்தையின் புதுச் சிறுநீரில் வாடை மிகக் குறைவு. அதிலுள்ள யூரியாவைத் துணியில் தங்கிய பாக்டீரியாக்கள் அம்மோனியாவாகச் சிதைக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் நெடி எழுகிறது. 1921இலேயே அமெரிக்க மருத்துவர் ஜே.வி. குக் இதை விளக்கினார். புட்டத்தில் வரும் சிவந்த புண்ணுக்கு அம்மோனியாவே நேரடிக் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அது தோலின் காரத்தன்மையைக் கூட்ட, மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிக்கின்றன என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. எனவே வீச்சம் என்பது மூக்கின் சங்கடம் மட்டுமல்ல.

துவைத்த பிறகும் பாக்டீரியா தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். தக்காணத்தின் கரும்பாறையிலிருந்து வரும் போர்வெல் நீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. சோப்பு இவற்றோடு சேர்ந்து பிசுக்காகி நூலிழைகளில் படிகிறது. குழந்தைக்குத் தடவும் எண்ணெயும் கிரீமும் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. பிசுக்கின் அடியில் பாக்டீரியா பத்திரமாகக் குடியிருக்கிறது. நீரை உறிஞ்சும் சக்தியும் குறைகிறது. துணி மிருதுவாக இருக்கவேண்டும் என்று ஊற்றும் சாஃப்ட்னர் நிலைமையை மோசமாக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியில் வாடை இன்னும் பிடிவாதமாகத் தங்கும்.

தீர்வுக்குச் செலவு அதிகமில்லை. நனைந்த துணியை உடனே பச்சைத் தண்ணீரில் அலசவேண்டும். மூடிய வாளியில் நாள்கணக்கில் போட்டுவைக்கக்கூடாது. மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். பார் சோப்பைவிடச் சலவைத்தூள் உப்பு நீரில் நன்றாக வேலை செய்யும். குறைத்துப் போட்டால் அழுக்கு போகாது. பருத்தித் துணியைக் கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரியில் துவைக்கலாம். கடைசியில் நுரை அறவே நிற்கும்வரை அலசல்.

ஏற்கெனவே வீச்சம் ஏறிவிட்ட துணிகளுக்கு: துவைத்தபின் 10 லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, இரவு முழுக்க ஊறவைக்கவேண்டும். மறுநாள் நீர் கலங்கி வழவழப்பாக இருந்தால் பிசுக்கு கழன்றுவிட்டது என்று பொருள். பிறகு இரண்டு மூன்று முறை அலசல். பிளீச்சிங் திரவம் கடைசி ஆயுதம். மூத்திரம் போகாத துணியிலோ, வினிகரோடு சேர்த்தோ அதை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும்.

மழைக்காலப் பூஞ்சை வாடை வேறு ரகம். ஈரத்துணியின் அந்த நெடிக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். உலர்ந்தாலும் இது எளிதில் சாவதில்லை. மின்விசிறிக் காற்றில் விரைவில் காயவைத்து, மறுபடி சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது நல்லது. வெயில் வந்த நாளில் வெயிலே சிறந்தது.

வாடையை மறைக்கப் பெட்டியில் பாச்சை உருண்டை போடும் வழக்கம்தான் விபரீதமானது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். 1963இல் கிரேக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினர். நொதிக் குறைபாடு இல்லாதவர்களும் அதில் இருந்தனர். அண்ணனுக்குத் தைத்து உருண்டையோடு எடுத்துவைத்த துணியைத் தங்கைக்கு அப்படியே கட்டுவது கூடாது.

எல்லா வாடையும் துவைத்துப் போக்கவேண்டியதும் அல்ல. நார்வேயில் தன் இரு குழந்தைகளின் சிறுநீரில் விநோத நாற்றம் அடிப்பதாக ஒரு தாய் விடாமல் முறையிட்டதன் பலனாகவே 1934இல் டாக்டர் அஸ்பியான் ஃபோலிங், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பினைல்கீட்டோனூரியா நோயைக் கண்டுபிடித்தார். துணி சுத்தமாக இருந்தும் புதுச் சிறுநீரே எலி நாற்றமோ கருகிய சர்க்கரை வாடையோ அடித்தால், அல்லது துர்நாற்றத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால், போகவேண்டிய இடம் மருத்துவமனை.

எது துணியின் குற்றம், எது உடம்பின் குற்றம் என்று பிரித்தறிய எளிய சோதனை உண்டு. காய்ந்த துணியின் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து முகர்ந்தால் போதும். அப்போதே நெடி கிளம்பினால் மறுபடி வாளிக்கு. வெறும் பருத்தி வாசனைதான் என்றால், தாராளமாகக் கட்டலாம்.