புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் கருவளப் பாதுகாப்பு

கருவளப் பாதுகாப்பு என்பது, பிள்ளை பெறும் ஆற்றலை இழக்க நேரிடக்கூடிய ஒருவரின் விந்தணு, கருமுட்டை, முளையம் அல்லது இனப்பெருக்கத் திசுவை முன்கூட்டியே காத்து வைக்கும் மருத்துவ முறைகளைக் குறிக்கும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவுள்ள சிறுவர்களுக்கும் இளம் வயதினருக்கும் இது பெரிதும் பயன்படுகிறது. இம்முறைகளுள் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கும் முன்பே செய்யப்பட வேண்டியவை. எனவே நோய் கண்டறியப்பட்டவுடன் இது குறித்து முடிவெடுப்பது இன்றியமையாதது.

காரணம்

வேதிச்சிகிச்சை மருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. ஆண்களின் விந்தகத்தில் விந்தணுக்களை உருவாக்கும் உயிரணுக்களும் இவ்வாறு ஓயாது பிரிபவை ஆதலால் அவையும் பாதிக்கப்படுகின்றன.

பெண் குழந்தை பிறக்கும்போது சூலகங்களில் (சினைப்பைகளில்) சுமார் 10 முதல் 20 இலட்சம் முட்டைகள் உள்ளன. பூப்படையும் காலத்தில் இவை ஏறத்தாழ 3 முதல் 4 இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன. இந்த இருப்பு குறையுமே அன்றிக் கூடுவதில்லை. சைக்ளோபாசுபமைடு போன்ற மருந்துகள் இதனை விரைவாக அழிக்கக்கூடியவை. இடுப்புப் பகுதிக்குத் தரப்படும் கதிர் சிகிச்சை சூலகத்தையும் கருப்பையையும் பாதிக்கிறது.

பாதிப்பின் அளவு மருந்தின் வகை, அதன் மொத்த அளவு, நோயாளியின் வயது ஆகியவற்றைப் பொறுத்தது. சிலருக்குக் கருவளம் தானாகவே மீள்வதுண்டு. எனினும் மாதவிடாய் மீண்டும் வருவது மட்டுமே கருவளம் முழுமையாக மீண்டதற்குச் சான்றாகாது.

ஆண்களுக்கான முறை

விந்தணு உறையவைத்தல் எளியதும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளதுமான முறையாகும். விந்து சேகரிக்கப்பட்டு −196 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள நீர்ம நைட்ரசனில் வைக்கப்படுகிறது. ஒரே நாளில் இதனைச் செய்துவிடலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் உறைநிலையில் இருந்த விந்தணுக்களாலும் குழந்தைகள் பிறந்துள்ளன.

பெண்களுக்கான முறைகள்

* கருமுட்டை உறையவைத்தல்: இயக்குநீர் ஊசிகள் மூலம் பல முட்டைகள் முதிரச் செய்யப்பட்டு எடுக்கப்படுகின்றன. இதற்குச் சுமார் இரண்டு வாரங்கள் தேவை. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்நாளிலும் இதனைத் தொடங்க இயலும். மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு ஈத்திரோசன் அளவு மிகாதிருக்க லெட்ரோசோல் என்னும் மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது.
* முளையம் உறையவைத்தல்: எடுக்கப்பட்ட முட்டைகள் ஆய்வகத்தில் கருக்கட்டப்பட்ட பின் உறையவைக்கப்படுகின்றன.
* சூலகத் திசு உறையவைத்தல்: நுண்துளை அறுவை மூலம் திசு எடுத்துச் சேமிக்கப்பட்டு, நோய் நீங்கியபின் மீண்டும் உடலில் பொருத்தப்படுகிறது. இரண்டு வாரம் காத்திருக்க இயலாதவர்களுக்கும் பூப்படையாத சிறுமிகளுக்கும் இது ஏற்றது. ஆயினும் இரத்தப் புற்றுநோயில் இத்திசு வழியே புற்று உயிரணுக்கள் உடலுக்குத் திரும்பும் இடர் உண்டு.
* சூலக இடமாற்றம்: கதிர் படும் பகுதிக்கு வெளியே சூலகம் நகர்த்திப் பொருத்தப்படுகிறது.

பூப்படையாத சிறுவர்களின் விந்தகத் திசுவைச் சேமிக்கும் முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

வரலாறு

உயிரணுக்களை உறைதலின் சேதத்திலிருந்து கிளிசரால் காக்கும் என்பது 1949 இல் பிரித்தானியாவில் கண்டறியப்பட்டது. 1953 இல் அமெரிக்காவின் அயோவாவில், உறைந்த விந்தணுவால் உண்டான கருத்தரிப்புகளைப் பஞ்ச், செர்மன் ஆகியோர் அறிவித்தனர். உறைந்த முளையத்திலிருந்து முதற் குழந்தை 1984 இலும், உறைந்த கருமுட்டையிலிருந்து 1986 இலும் ஆசுத்திரேலியாவில் பிறந்தன.

1997 இல் பெல்சியத்தில், ஆட்சுக்கின் நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணின் சூலகத் திசு, வேதிச்சிகிச்சைக்கு முன் எடுத்து உறையவைக்கப்பட்டது. 2003 இல் சாக் தொனே தலைமையிலான குழு அதனை அவருக்கே திரும்பப் பொருத்தியது. 2004 இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. அம்முட்டை பொருத்தப்பட்ட திசுவிலிருந்து வந்ததா, உடலில் எஞ்சியிருந்த சூலகத்திலிருந்து வந்ததா என்ற விவாதம் அப்போது எழுந்தது. பின்னர் இம்முறையால் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்து, அதன் பயன் உறுதியாயிற்று.

முடிவெடுத்தல்

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டல், சிகிச்சைக்கு முன்னரே மருத்துவர்கள் இது பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என வலியுறுத்தியது. எம்முறையும் குழந்தைப்பேற்றுக்கு உறுதி அளிப்பதில்லை. விரைந்து பரவும் நோயில் சிகிச்சையைத் தள்ளிப்போட இயலாமலும் போகலாம். எனினும் முதல் மருந்து ஏற்றப்படும் முன் கேட்கப்படும் ஒரு கேள்வி, பின்னர் திரும்பப் பெற இயலாத ஒரு வாய்ப்பைக் காக்கக்கூடும்.