மூச்சு வாங்குதா? மருந்து நெடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை!

தீபாவளி நெருங்கும் மாதங்களில் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் யாருக்காவது மூச்சு வாங்கினால் டாக்டரிடம் காரணம் கேட்கவே வேண்டாம். ''பட்டாசு ஆபீஸ் மருந்து நெடி ஒத்துக்கலை'' என்று வீட்டிலேயே முடிவாகிவிடும். அலுமினியப் பவுடரும் கந்தகமும் புழங்கும் ஊரில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். பெரும்பாலும் அது தூசியாகவோ, வீசிங்காகவோ, சளியாகவோதான் இருக்கும்.

ஆனால், நெடிக்கும் தூசிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு மூச்சுத்திணறல் உண்டு. அது ஆரம்பிக்கிற இடம் நெஞ்சு இல்லை; கால்.

கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழத்தில் ஓடும் சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, ரத்த ஓட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் 'பல்மனரி எம்பாலிசம்'. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும். பெரிய கட்டியாக இருந்து, கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிரையே பறிக்கலாம். சிக்கல் என்னவென்றால், இந்த நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி வருவதில்லை.

ஆளுக்கு ஒரு வேஷம்

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். 'ரத்தம் கம்மி, தூக்கம் இல்லை' என்பார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்தான் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமுள்ள காலம். அந்த நேரம் பார்த்துத்தான் 'வயிறு போட்டுடும்' என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், எழுந்து நடக்க விடாமல் படுக்க வைப்பதும் நடக்கிறது. இரண்டுமே தவறு.

பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்தவர், பிளேட் வைத்து மூன்று வாரம் படுத்திருக்கிறார். எழுந்து பாத்ரூமுக்கு நடக்கும்போது மயங்கி விழுகிறார். நெஞ்சுவலி ஒன்றும் இல்லை. 'பலவீனம்' என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள்.

இன்னொருவருக்கு மூச்சை இழுத்தால் விலாவில் கத்தி குத்துவது போல வலி. 'வாயு பிடிப்பு' என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஒரு விசித்திரம், குத்தும் வலி பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் அடைக்கும் சின்னக் கட்டியில்தான் வருகிறது. நடுவில் பெரிய குழாயை அடைக்கும் கட்டி வலியே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடலாம். வலியை வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

வயதானவர்களிடம் இன்னும் குழப்பம். வெறும் அசதி, திடீரென்று பிதற்றல், ஒரு வீழ்ச்சி, அவ்வளவுதான் தெரியும். சிலருக்குச் சளியில் ரத்தம், லேசான காய்ச்சல் வரும், நிமோனியா என்று தோன்றும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். கருத்தடை மாத்திரையும், இருக்கன்குடி ஆடித் திருவிழாவுக்குப் போவதற்காக மாதவிடாயைத் தள்ளிப்போட விழுங்கும் ஹார்மோன் மாத்திரையும் சிலருக்கு ரத்த உறைவைத் தூண்டலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கியதால் அது மாத்திரைக் கணக்கிலேயே வருவதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை.

தீயிலிருந்து தப்பிய பிறகு

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்தின்போதும் எண்ணிக்கை செய்தியாகிறது. தீக்காய வார்டில் வாரக்கணக்கில் படுத்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெரிய தீக்காயம் பட்ட உடம்பில் ரத்தம் எளிதாக உறைகிறது. நீர் வற்றி ரத்தம் கெட்டிப்படுகிறது, ரத்தக்குழாய்கள் சேதமடைகின்றன, கட்டுப் போட்ட கால்கள் அசைவதில்லை. மருந்து ஏற்றுவதற்காகத் தொடைச் சிரையில் குழாய் போட்டிருந்தால் அந்த இடத்திலும் கட்டி உண்டாகலாம். ஆனால், புகையைச் சுவாசித்த ஒருவருக்குப் பத்தாவது நாள் மூச்சு திணறினால், புகையால் வந்ததாகவோ நோய்த்தொற்றாகவோதான் முதலில் தோன்றும். கட்டுக்குள் இருக்கும் காலின் வீக்கமும் கண்ணில் படாது. அதனால்தான் தகுந்த நோயாளிகளுக்கு ஹெப்பாரின் ஊசியை முன்கூட்டியே போடுவதும், வலித்தாலும் கால் விரல்களை அசைக்கச் சொல்வதும். 'காயம்பட்ட புள்ளையை ஏன் வதைக்கிறீங்க' என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் சண்டைக்குப் போகும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உட்கார்ந்தே இருந்தால்?

1940-ல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய நாள்கள். பதுங்கிடங்களில் மக்கள் இரவு முழுக்கச் சாய்வு நாற்காலிகளில் காலைத் தொங்கப்போட்டுக் கிடந்தார்கள். குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் திடீரென இறந்ததைக் கவனித்த கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததே காரணம் என்று 'லான்செட்' இதழில் எழுதினார். நாற்காலியின் விளிம்பு தொடையை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்தது.

சரவெடி பின்னும் பெண்கள், குழாய் உருட்டுபவர்கள், பைண்டிங் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் மணிக்கணக்கில் காலை மடக்கி உட்காருபவர்கள்தான். இதற்காகப் பயந்துவிட வேண்டாம். உட்காருவது மட்டுமே பெரும்பாலும் கட்டியை உண்டாக்காது. ஆனால் அதோடு உடல் பருமன், அண்மையில் நடந்த பிரசவம், ஹார்மோன் மாத்திரை, குடும்பத்தில் ரத்தம் உறைந்த வரலாறு என்று ஏதாவது சேர்ந்தால் கதை மாறும். மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பதும், 'பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீரைக் குறைக்காமல் இருப்பதும் செலவில்லாத காரியங்கள்.

டாக்டரிடம் எதைச் சொல்வது?

இந்த நோயில் ஈசிஜியும் நெஞ்சு எக்ஸ்ரேயும் சாதாரணமாகவே இருக்கலாம். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் பிரசவம், ஆபரேஷன், தீக்காயத்துக்குப் பிறகு அது எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும். உறுதிசெய்வது பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன்தான். அந்த ஸ்கேன் வரை போவதற்கு டாக்டருக்கு முதலில் சந்தேகம் வர வேண்டும். அது நீங்கள் சொல்லும் தகவலில் இருக்கிறது: கடந்த சில வாரங்களில் ஆபரேஷன், பிரசவம், மாவுக்கட்டு, நீண்ட படுக்கை, தொலைதூரப் பயணம் ஏதாவது உண்டா? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டையில் வலிக்கிறதா? கால் வீக்கமே இல்லாமலும் பலருக்கு இது வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-ல் இந்த அடைப்பு வந்தது. 2017-ல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு முட்டியபோது அவரேதான் நர்ஸிடம் ஸ்கேனும் ஹெப்பாரினும் கேட்டார். கட்டி இருந்தது உறுதியானது. கேட்டுப் பெற்ற சிகிச்சை அது.

வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து உருவி விடுவது கூடவே கூடாது. கட்டி பெயர்ந்து மேலே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், சளியில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். மூச்சு சீரானதும் 'நல்லாயிடுச்சு' என்று பாதியில் நிறுத்துபவர்களுக்கு மறுபடியும் கட்டி வர வாய்ப்பு உண்டு. பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கினாலும் அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.