தலைவலிக்கு என்றே தனி மருத்துவ நிலையம்!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தத் தலைவலிக்கு என்றே தனி மருத்துவ நிலையம் வைத்திருக்கிறது, ஐரோப்பாவில் உள்ள டென்மார்க் நாடு.

தலைநகர் கோபன்ஹேகனை அடுத்த குளோஸ்ட்ரப் என்ற ஊரில், அரசாங்க ஆஸ்பத்திரியில் 2001-ம் ஆண்டு இது அமைக்கப்பட்டது.

தலை வலிக்கிறது என்று யாரும் நேரே அங்கே போய்விட முடியாது. முதலில் குடும்ப டாக்டரைப் பார்க்கவேண்டும். பெரும்பாலோருக்கு அவர் வைத்தியமே போதும். குணமாகாவிட்டால் நரம்பியல் டாக்டரிடம் அனுப்புவார்கள். அங்கும் தீராத தலைவலிதான் குளோஸ்ட்ரப்புக்குப் போகும். நரம்பியல் டாக்டர், மனநல நிபுணர், பிசியோதெரபி நிபுணர், நர்சு எல்லோரும் சேர்ந்து கவனிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. மக்கள் கட்டும் வரிப்பணத்தில் செலவு நடக்கிறது.

மாத்திரையால் வந்த வினை

அங்கு வருகிறவர்களில் பலருக்கு மாத்திரைதான் எதிரி. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் அதிகமாக விழுங்கி வந்தால், அதுவே தலைவலியை உண்டாக்கும். டாக்டர் மேற்பார்வையில் அதை நிறுத்தினால், பலருக்கு வலி குறைகிறது.

வலி வந்த நாள், விழுங்கிய மாத்திரை இரண்டையும் குறித்து வைக்கச் சொல்கிறார்கள். இதற்குக் காசு வேண்டாம். எந்த ஊரிலும் செய்யலாம். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினால், நோயின் பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும்.