குழாயடியில் நீர்முள்ளி

நம் குடியிருப்புகளில் தோட்டம் என்றாலே குரோட்டன்ஸ் தொட்டி என்றாகிவிட்டது. குழாயடி ஈரத்தில் தானே முளைக்கும் நீர்முள்ளியோ, குழந்தைகளின் காலில் குத்தும் என்ற அச்சத்தால், பூக்குமுன்னரே பிடுங்கி எறியப்படுகிறது. மழை ஓய்ந்து துப்புரவுப் பணி தொடங்குமுன் அச்செடிக்காக அன்பர்களிடம் சிறிது பரிந்து பேச விரும்புகிறோம்.

நீர்முள்ளி இந்நாட்டில் இயல்பாய் வளரும் செடி. குளக்கரை, வாய்க்காலோரம், வயற்பள்ளம் எங்கும் வளர்வது. தமிழகத்தில் நீர் பிரிக்கும் மூலிகையென்று பாட்டிமார் போற்றிய அதுவே, இங்கு வங்கத்துச் சந்தைகளில் ‘குலேகாரா’ என்று விலையாகும் கீரை. சோகை கண்டோர்க்கு அதன் சாற்றைக் கொடுப்பது இவ்வூரார் வழக்கம். வடமொழியில் அதற்குக் ‘கோகிலாட்சம்’ என்று பெயர். குயிலின் கண் என்பது பொருள். முள்ளுச் செடிக்கு எத்துணை இனிய பெயர்!

தண்டின் கணுதோறும் இலைகள் சூழ்ந்திருக்க, மஞ்சள் நிற முட்கள் ஈட்டிபோல் நீண்டு நிற்கும். அவற்றினிடையே நீலங்கலந்த ஊதா மலர்கள் இரண்டு உதடுகளாய் விரியும். முள்ளைக் கண்டு தேனீக்கள் தயங்குவதில்லை.

எனினும் மலரினும் இலைதான் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மயில் வசீகரன் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இவ்விலையைத் தின்று வளர்வது. மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சியின் சிறகில் மயிற்கண்கள் பளிச்செனத் தெரியும். வறண்ட பருவத்தில் பிறப்பது சிறகை மூடிவிட்டாலோ, அது சருகா உயிரா என்று ஐயுறுவோம். குரோட்டன்ஸ் இலை அப்புழுவுக்கு உணவாகாது. ஆகவே இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்து தெளிக்க ஓடாதீர்கள். ஓட்டை விழத்தானே செடியை வளர்க்கிறோம்!

வளர்ப்பது எளிது. முற்றிய செடியிலிருந்து விதை சேர்த்து, அகன்ற தொட்டியில் களிமண் நிரப்பி, வெயில் படும் இடத்தில் தூவலாம். நனைந்த விதை பசைபோல் விரலில் ஒட்டும். உலர்ந்த கையால் எடுப்பது நலம். மண் சேறாக இருந்தால் போதும், மேலே நீர் தேங்கலாகாது; தேங்கினால் கொசு குடியேறும். இடுப்பளவும் உயரக்கூடியதாதலால், நடைபாதையை விட்டு மதில் மூலையில் வைப்பதே அறிவுடைமை. நெல்வயலருகே விதையைச் சிந்தவேண்டாம். உழவர்க்கு அது களை.

பிடுங்கத்தான் வேண்டுமெனில் விதை முற்றியபின் பிடுங்குங்கள். சாக்கடையோரம் வளர்ந்ததன் இலையை மட்டும் கீரைக்கென்று பறித்துவிடாதீர்கள்.