கல் பறப்பதற்கு முன்னால் பேசியிருக்கலாமே!

2025 செப்டம்பர் 2. எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில் வடமாநிலத் தொழிலாளர்களின் குடியிருப்பு ஒரே களேபரமாக இருந்தது. முந்தைய இரவு அங்கே உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்து இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்டுக் கூட்டம் திரண்டது. பாதுகாப்புக்கு வந்த போலீஸார் மீது கற்கள் பறந்தன. பதிலுக்குக் கண்ணீர்ப்புகை, தடியடி, கைது.

‘பிழைக்க வந்த இடத்தில் இவ்வளவு கோபமா?’ என்று கேட்கத் தோன்றும். 2013 டிசம்பர் 8 இரவு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு இறந்தவர் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளி. அன்று போலீஸ் வாகனங்களைக் கவிழ்த்த கூட்டத்தில் இந்தியத் தொழிலாளர்களே அதிகம். கல்லெறிவது குற்றம்தான். ஆனால், இரண்டு இடத்திலும் பொறி ஒன்றுதான்... கூட வேலை பார்த்தவரின் சாவு!

இங்கே போலீஸுக்கும் இவர்களுக்குமான அறிமுகம் பெரும்பாலும் சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட வெளிமாநிலத்தவர் 5 பேர் வேளச்சேரியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதையடுத்து, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது.

2023 மார்ச்சில் நடந்தது வேறு. ‘தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள்’ என்று போலி வீடியோக்கள் பரவ, பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். போலீஸ் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போனது, இந்தியில் பேசியது, உதவி எண்கள் கொடுத்தது, வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்கும் போட்டது. பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. பதற்றம் மெல்ல அடங்கியது.

வதந்தி வந்தால் செய்ய முடிந்ததை, விபத்து நடந்தாலும் செய்யலாம். காட்டுப்பள்ளி சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் பலியானார்கள். ஒப்பந்தத் தொழிலாளி விபத்தில் இறந்தால், இரு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் ஒப்பந்ததாரர் தகவல் சொல்ல வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. ‘தகவல் போய்விட்டது, இழப்பீடு இப்படி வரும்’ என்பதைத் தொழிலாளியின் மொழியில் சொல்ல, ஸ்டேஷனில் ஓர் ஆள் முன்கூட்டியே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

உங்கள் தெருவிலும் இப்படிச் சிலர் குடியிருக்கலாம். ஆபத்தென்றால் 112-ஐ அழைக்கலாம் என்பதையாவது அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.